உப்புவெளி விடுதி: வைஃபை பிடிக்கிறது, வவுச்சர் போடும் பக்கம் மட்டும் வருவதில்லை

உப்புவெளிக்காரி
ஞாயிறு, இரவு 11.40

வணக்கம். நான் கம்பியூட்டர் படித்தவள் இல்லை. திருகோணமலை உப்புவெளியில், கடற்கரையிலிருந்து இரண்டு வளவு தள்ளி, ஏழு அறை உள்ள ஒரு சின்ன விடுதி நடத்துகிறேன். தண்ணீர் மோட்டார், சமையல்காரரின் லீவு, படுக்கை விரிப்பில் மணல் என்று எல்லாம் என் தலையில்தான். மூன்று நாளாக வைஃபையும் சேர்ந்துவிட்டது.

போன சீசனில் விருந்தினர் எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட்தான். ஆனி மாதம் வருவதற்குள் அது ஒழுங்கை முழுவதற்கும் தெரிந்துவிட்டது. பின்னேரமானால் எங்கள் மதிலோரம் பொடியன்கள் வரிசையாகக் குந்தியிருப்பார்கள்; இருட்டில் முகம் தெரியாது, போன் வெளிச்சம் மட்டும் தெரியும். எங்கள் இணைப்பில் மாதத்துக்கு இவ்வளவு ஜிபி என்று அளவு உண்டு. 20ஆம் திகதிக்கு முதலே அது தீர்ந்துபோய், மிச்ச நாள் முழுக்க விருந்தினரிடம் ஏச்சு வாங்குவதுதான் என் வேலை.

அதனால் இந்த முறை சித்திரை வருடப் பிறப்பு முடிந்த கையோடு ஒருவரைப் பிடித்து யூனிஃபை என்ற வகை வைஃபை பெட்டி மூன்று பூட்டினேன். விறாந்தையில் ஒன்று, மேல்மாடி நடையில் ஒன்று, சாப்பாட்டுக் கொட்டிலில் ஒன்று. போனில் பார்த்தால் இரண்டு பெயர் தெரியும். ஒன்று எங்கள் பாவனைக்கு, அதற்கு பாஸ்வேர்ட் உண்டு. மற்றது விருந்தினருக்கு, பாஸ்வேர்ட் கிடையாது. தொட்டவுடன் எங்கள் முற்றத்துப் படத்தோடு ஒரு பக்கம் திறக்கும், அதில் பத்து இலக்க வவுச்சர் எண்ணைப் போட்டால் இணையம் வரும். ஒரு மாதம் பிரச்சினையே இல்லை. நான் கூட மற்ற விடுதிக்காரரிடம் கொஞ்சம் பெருமை அடித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை தொடங்கியது. புதிதாக வருகிறவர்களுக்கு அந்தப் பக்கம் வருவதில்லை. வைஃபை முழுதாகப் பிடிக்கிறது. உள்நுழையச் சொல்லி போன் கேட்கிறது. தொட்டால் வெள்ளைத் திரை, ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும், கடைசியில் திறக்க முடியவில்லை என்று சொல்லும். ஆனால் செவ்வாய்க்கிழமை வந்த இரண்டாம் அறைத் தம்பதிக்கு ஒரு குறையும் இல்லை, படம் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். எங்கள் பாவனைக்கான பெயரும் நன்றாக ஓடுகிறது. ஒரே பெட்டி, ஒரே வயர். ஒருவருக்கு வருகிறது, மற்றவருக்கு இல்லை. எனக்கு விளங்கவில்லை.

ஐந்தாம் அறை ஜெர்மன்காரப் பெண் இன்று புறாத்தீவுக்குப் போய்வந்து, தலையில் உப்புக் காயாமல் என் மேசைக்கு முன்னால் நின்றார். அம்மாவுக்கு ஆமைப் படம் அனுப்ப வேண்டுமாம். என் போனில் இருந்து டேட்டா கொடுத்துச் சமாளித்தேன். அவரின் போனில் பக்கம் திறக்காமல் நின்றபோது மேலே தெரிந்ததை பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதிவைத்திருக்கிறேன்: 192.168.1.34:8880, அதற்குப் பிறகு நீளமாக ஏதோ. அது உதவுமோ தெரியாது.

பூட்டித் தந்தவருக்கு எடுத்தால் கொழும்பில் வேலையாக நிற்கிறாராம், அடுத்த கிழமை வருவாராம், அதுவரை ரீஸ்டார்ட் செய்யட்டாம். எனக்கும் வியாழக்கிழமையில் இருந்து நேரமில்லை. வியாழன் கமரா பூட்டுகிறவர்கள் வந்து பாதி நாளைத் தின்றுவிட்டார்கள், சனிக்கிழமை போயா (பௌர்ணமி) விடுமுறை என்று இரண்டு வானில் ஆட்கள். யாராவது விளங்கும்படி சொன்னால் புண்ணியம்.


கச்சான்_கொட்டை
ஞாயிறு, இரவு 11.58

ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாருங்கோ அக்கா.


உப்புவெளிக்காரி
திங்கள், அதிகாலை 12.05

ஏழு தரம் செய்தாயிற்று தம்பி. இனி என் கை கிட்டப் போனாலே அது தானாக அணைந்துவிடும்.


உவர்மலை_வயர்மன்
திங்கள், காலை 6.30

அக்கா, பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதிவைத்தீர்களே, அந்த ஒரு வரிக்காக உங்களுக்கு ஒரு தேத்தண்ணீர் வாங்கித் தரலாம். முக்கால்வாசி விடை அதில் இருக்கிறது.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். வைஃபை கொடுப்பது சுவரில் இருக்கிற பெட்டி. வவுச்சர் கேட்கும் அந்தப் பக்கம் பெட்டிக்குள் இல்லை. அது கொன்ட்ரோலர் என்கிற ஒரு சொஃப்ட்வெயாருக்குள் இருக்கிறது. நீங்கள் புறாத்தீவைச் சொன்னபடியால் அதையே வைத்துச் சொல்கிறேன். நிலாவெளிக் கரையில் படகு தயாராக நிற்கிறது, படகோட்டியும் நிற்கிறார், ஆனால் தீவுக்கான டிக்கெட்டை வனஜீவராசிகள் திணைக்களக் கவுண்டரில்தான் எடுக்க வேண்டும். உங்கள் பெட்டிதான் படகோட்டி. டிக்கெட் இல்லாத ஆளைக் கண்டால் கவுண்டருக்கு அனுப்புகிறது. கவுண்டரின் விலாசம்தான் 192.168.1.34, வாசல் இலக்கம் 8880. யூனிஃபையில் விருந்தினர் பக்கம் வழமையாக அந்த 8880 வாசலில்தான் திறக்கும். இப்போது கவுண்டர் அந்த இடத்தில் இல்லை. படகோட்டிக்கு அது தெரியாது, வருகிறவர்களை எல்லாம் பழைய விலாசத்துக்கே அனுப்பிக்கொண்டு நிற்கிறார்.

உங்கள் மற்றக் குழப்பமும் இதோடு தீர்ந்துவிடும். இரண்டாம் அறைக்காரர் கவுண்டர் இருந்த நாளிலேயே டிக்கெட் எடுத்துவிட்டார், அவரை இனி யாரும் மறிப்பதில்லை. உங்கள் பாவனைக்கான பெயருக்கு டிக்கெட்டே தேவையில்லை, பாஸ்வேர்ட்டைப் பார்ப்பது பெட்டியேதான். கொன்ட்ரோலர் செத்தாலும் பெட்டி தன் வேலையைச் செய்யும். அதனால்தான் எல்லாம் நன்றாக இருக்கிற மாதிரி ஒரு தோற்றம்.

அந்தக் கொன்ட்ரோலர் எந்தக் கம்பியூட்டரில் இருக்கிறது? என் ஊகம், உங்கள் வரவேற்பு மேசை லப்டொப். அதில் விண்டோஸ் பொத்தானை அழுத்தி சிஎம்டி என்று அடியுங்கள், கறுப்புத் திரை வரும். அதில் ஐபிகொன்ஃபிக் என்று ஆங்கிலத்தில், இடைவெளி விடாமல் அடித்து என்டர். வருகிற பட்டியலில் ஐபிவி4 என்ற வரியில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். 34 இல்லை என்றால் கள்ளன் பிடிபட்டான்.

இன்னொன்று. வியாழன் கமரா பூட்டினார்கள், வெள்ளி பிரச்சினை தொடங்கியது. எனக்கு அந்தக் கமராக்காரர் மேல் ஒரு சந்தேகம். லப்டொப்புக்குப் பின்னால் ஒரு வயர் இருந்ததா? இப்போது இருக்கிறதா?


உப்புவெளிக்காரி
செவ்வாய், காலை 9.15

உவர்மலைத் தம்பி, நீங்கள் சாத்திரம் பார்க்கிறனீங்களோ?

லப்டொப்பில் எண் 52. பின்னால் ஒரு நீல வயர் இருந்தது எனக்கு நல்ல நினைவு, ஏனென்றால் அது ஒவ்வொரு நாளும் என் சேலையில் கொழுவும். இப்போது இல்லை. மேசையை இழுத்து, சுவரோரமாகக் கையால் தடவிக்கொண்டே போனேன். இரண்டு பல்லி முட்டை, போன வருடத் திறப்பு ஒன்று, கடைசியில் நீல வயர். அது நேரே கமராப் பெட்டியில் போய்ச் செருகி நின்றது. என் அக்கா மகன் அப்போதுதான் சொல்கிறான்: ஸ்விட்ச்சில் (வயர்களை ஒன்றுசேர்க்கிற பெட்டியில்) துளை காணாது என்று கமராக்காரர் கேட்டாராம், லப்டொப்புக்கு வைஃபை இருக்குத்தானே என்று இவன்தான் கழற்றிக் கொடுத்தானாம். நாலு நாள் வாய் திறக்கவில்லை.

கமரா கிடக்கட்டும் என்று வயரைத் திருப்பி லப்டொப்பில் செருகினேன். எண் தானாகவே 34க்கு வந்தது. ஐந்தாம் அறைப் பெண்ணைக் கூப்பிட்டு முயற்சி செய்தால் ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை, பிறகு எங்கள் முற்றம், அலரி மரம், எல்லாம் வந்தது. அவர் கைதட்டினார். நானும் தட்டினேன்.

ஆனால் சந்தோசம் ஒரு இரவுதான். கொழும்பு இரவு ரயிலில் வந்த குடும்பம் விடியப்புறம் அறைக்கு வந்தது. அவர்களுக்குத் திரும்பவும் அதே வெள்ளைத் திரை. நான் எழும்பிப் போய்ப் பார்த்தால் லப்டொப் மூடியிருக்கிறது. எங்கள் காவல்கார ஐயா பத்தரைக்கு எல்லா விளக்கையும் அணைக்கும்போது அதையும் மூடிவைப்பாராம், வெளிச்சத்துக்குப் பூச்சி வருகிறது என்று. திறந்தேன், இரண்டு நிமிடத்தில் பக்கம் வந்தது. அப்படியென்றால் இந்த ஒரு மாதமும் ஒவ்வொரு இரவும் இது நடந்திருக்கிறது, இரவில் புதிதாக யாரும் வராதபடியால் தெரியவில்லை.

பூட்டித் தந்தவர் மேல் எனக்கு உண்மையில் கோபம். லப்டொப் மூடக்கூடாது என்ற ஒரு வசனத்தை அவர் சொல்லியிருக்கலாம். ஒரு துண்டில் எழுதி ஒட்டியிருந்தாலும் காணும்.

சரி, இன்னும் ஒரு புதிர் இருக்கிறது. வெள்ளி முதல் திங்கள் வரை புதிதாக ஒரு விருந்தினரும் உள்ளே போகவில்லை. ஆனால் இணைப்பில் ஜிபி வழமையான வேகத்திலேயே குறைந்திருக்கிறது. மதிலோரப் பொடியன்களும் வழமைபோல இருக்கிறார்கள். வவுச்சர் பக்கம் எனக்கு வேலை செய்யாத நாளிலும் அவர்களுக்கு எப்படி வேலை செய்கிறது?


கிண்ணியா_நெட்
செவ்வாய், காலை 10.02

அக்கா, அஸ்ஸலாமு அலைக்கும். ஒரு கேள்வி. இணைப்புத் தந்த கம்பனி ஒரு ரவுட்டர் பெட்டி தந்திருப்பார்களே, அது எங்கே இருக்கிறது? அதன் அடியிலோ பின்னாலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் அந்தப் பெட்டியின் சொந்த வைஃபை பெயரும் பாஸ்வேர்ட்டும் அச்சடித்திருக்கும். அதன் வைஃபையை யாராவது அணைத்தார்களா?

அணைக்கவில்லை என்றால் உங்கள் வீட்டுக்கு முன்கதவில் காவல், பின்கதவு திறந்து கிடக்கிறது. அந்த வைஃபையில் வருகிறவர் யூனிஃபை பெட்டியை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, வவுச்சர் அவருக்குத் தேவையில்லை.


உப்புவெளிக்காரி
செவ்வாய், காலை 10.20

வஅலைக்கும் ஸலாம் தம்பி. சாப்பாட்டுக் கொட்டில் தட்டில், சோஸ் போத்தலுக்குப் பக்கத்தில். ஸ்டிக்கர் வெளியே பார்த்தபடி. அதன் கீழே என் அக்கா மகனின் எழுத்தில், பேனையால், பெரிதாக, பாஸ்வேர்ட் திரும்பவும் எழுதியிருக்கிறது. அச்சு சின்னதாக இருக்கிறதாம்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.


கிண்ணியா_நெட்
செவ்வாய், காலை 10.41

சிரியுங்கள் அக்கா, இது நான் போகிற இடமெல்லாம் பார்க்கிறதுதான். பெட்டிக்குக் காசு செலவழிப்பார்கள், பழைய ரவுட்டரின் வைஃபையை அணைக்க மறந்துவிடுவார்கள். உலாவியில் 192.168.1.1 என்று அடித்தால் ரவுட்டரின் பக்கம் வரும், அதில் வைஃபை என்ற இடத்தில் 2.4, 5 என்று இரண்டு இருக்கும், இரண்டையும் அணையுங்கள். ஒன்றை அணைத்துவிட்டு மற்றதை விட்டால் பொடியன்கள் அரை மணித்தியாலத்தில் கண்டுபிடிப்பார்கள். நாங்களும் அந்த வயதில் அப்படித்தான்.

அந்தப் பக்கத்தின் நிர்வாகப் பாஸ்வேர்ட்டும் அதே ஸ்டிக்கரில்தான் இருக்கும், அதையும் மாற்றுங்கள். பிறகு விருந்தினர் பெயரில் ஒரு போனைச் சேர்த்து, வவுச்சர் போட்டு உள்ளே போய், அங்கிருந்து 192.168.1.1 திறக்கிறதா என்று பாருங்கள். திறக்கக் கூடாது. யூனிஃபையின் விருந்தினர் விதிகள் 192.168, 172.16, 10 என்று தொடங்கும் உள்வீட்டு விலாசங்களை வழமையாக மறித்தே வைத்திருக்கும். திறந்தால் அந்த விதியை யாரோ கழற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது விருந்தினர் உங்கள் கமராப் பெட்டியையும் தட்டிப் பார்க்கலாம்.

இனி வருகிற தொல்லை ஒன்றையும் முன்கூட்டியே சொல்கிறேன். எல்லாம் சரியாக இருந்தும் ஓரிருவருக்குப் பக்கம் வராது. போன் வைஃபையில் சேர்ந்தவுடன் வெளியே ஒரு சின்னப் பக்கத்தை இரகசியமாகக் கேட்டுப் பார்க்கும். ஐபோன் அப்பிளின் ஒரு விலாசத்தைக் கேட்கும், அன்ட்ரொய்ட் கூகுளின் ஒன்றைக் கேட்கும். எதிர்பார்த்த பதில் வராமல் வேறு எங்கோ திருப்பிவிட்டால்தான், சரி, இங்கே ஒரு லொகின் இருக்கிறது என்று அதற்கு விளங்கும். விபிஎன் (எல்லாவற்றையும் வேறொரு இடம் வழியாகச் சுற்றி அனுப்புகிற வசதி) எந்த நேரமும் ஓடுகிற போனிலும், அன்ட்ரொய்ட் 9இல் வந்த பிரைவேட் டிஎன்எஸ் (பக்கத்தின் பெயருக்கு விலாசம் தேடுகிற வசதி) என்பதில் கையால் ஏதாவது விலாசம் போட்டுவைத்த போனிலும் லொகின் பக்கம் சிலவேளை வராது. ஐந்து நிமிடம் அதை அணைக்கச் சொல்லுங்கள், உள்ளே போன பிறகு திருப்பிப் போடலாம். வேறு சிலர் தங்கள் வங்கிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு லொகின் வரவில்லை என்பார்கள். எச்டிடிபிஎஸ் பக்கத்தை, அதாவது பூட்டுப் போட்ட பக்கத்தை, நடுவில் மறித்துத் திருப்ப முடியாது, சான்றிதழ் பிழை என்று சிவப்பாகப் பயமுறுத்தும். அவர்களுக்கு நெவர் எஸ்எஸ்எல் டொட் கொம் என்று அடிக்கச் சொல்லுங்கள், அது இதற்கென்றே பூட்டுப் போடாமல் வைத்திருக்கிற பக்கம்.


வாவிக்கரை
செவ்வாய், பிற்பகல் 1.10

மட்டக்களப்பில் இருந்து எழுதுகிறேன். எல்லாரும் கோபிக்காவிட்டால் ஒன்று சொல்லட்டா. ஏழு அறைக்கு இந்தக் கூத்து எதற்கு?

விருந்தினருக்குத் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்ட், கிழமைக்கு ஒரு தரம் மாற்று. ஒருவரின் சாதனம் மற்றவருக்குத் தெரியாமல் பிரித்துவை, வேகத்துக்கு ஒரு வரம்பு போடு. பாஸ்வேர்ட்டைக் கியூஆர் படமாக அச்சடித்து அறையில் ஒட்டு. கொன்ட்ரோலர் செத்தாலும் ஓடும், லப்டொப்பை மூடினாலும் ஓடும், பூச்சியும் வராது. இன்னொன்று, பாஸ்வேர்ட் இல்லாத திறந்த வைஃபையில் காற்றில் போகிறதற்குப் பூட்டே கிடையாது. இப்போது பெரும்பாலான பக்கங்கள் தாங்களே பூட்டோடு வருவதால் பெரிய ஆபத்து இல்லை, ஆனாலும் எனக்குப் பிடிக்காது. லொகின் பக்கம் பெரிய ஹோட்டலுக்கு உரியது, அங்கே அதைப் பார்க்க ஒரு ஆள் சம்பளத்துக்கு இருக்கிறார். இங்கே அந்த ஆள் இந்த அக்காதான்.


உப்புவெளிக்காரி
செவ்வாய், இரவு 10.05

வாவிக்கரை அண்ணா, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த ஆள் நான்தான், சம்பளமும் இல்லை.

ஆனால் கிழமைக்கு ஒருமுறை மாற்றுவதுதான் எனக்குச் சரிவராது. என் ஆட்கள் கிழமைக் கணக்கில் வருவதில்லை. ஒருவர் இரண்டு இரவு, ஒருவர் ஒன்பது இரவு. நடுவில் மாற்றினால் ஒன்பது இரவுக்காரர் என்னைத் தேடி வருவார். மாற்றாவிட்டால் இரண்டு இரவுக்காரர் அடுத்த விடுதிக்குப் போயும் எங்கள் வேலியோரம் வந்து நிற்பார், பகிடி இல்லை, ஒருவர் நின்றார். வவுச்சரில் எனக்குப் பிடித்ததே அதுதான். முதல் தரம் போட்ட நேரத்தில் இருந்து எண்ணத் தொடங்கும், நாலு இரவு என்றால் நாலு இரவு, தானாக முடியும். நான் யாரிடமும் முகம் முறிக்கத் தேவையில்லை.

ஐப்பசிக்குப் பிறகு வாடைமழை தொடங்கினால் இங்கே ஆள் வரத்துக் குறைவு, மூன்று அறை நிறைந்தாலே பெரிய காரியம். அப்போது உங்கள் முறைக்கு மாறிக்கொள்கிறேன்.

ரவுட்டரின் வைஃபை இரண்டையும் அணைத்தாயிற்று. பின்னேரம் ஆறரைக்கு மதிலோரம் ஒரே சலசலப்பு. ஒரு பொடியன் வாசலுக்கே வந்து, அன்ரி, உங்கட லைன் உடைஞ்சிட்டுது, ஆளைக் கூப்பிடுங்கோ என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனான்.

உவர்மலைத் தம்பி, இப்போது எனக்கு வேண்டியது இரண்டு. லப்டொப்பை இரவு பகலாகத் திறந்து வைக்க முடியாது. மற்றது, கொன்ட்ரோலருக்குள் போகக் கேட்கிற பெயரும் பாஸ்வேர்ட்டும் பூட்டியவரிடம்தான் இருக்கிறது. வவுச்சர் அச்சடிப்பதற்கு மட்டும் எனக்கு ஒரு வழி வைத்துத் தந்திருக்கிறார்.


உவர்மலை_வயர்மன்
புதன், காலை 6.50

இரண்டாவதில் இருந்து தொடங்குகிறேன், அதுதான் பெரியது. காசு கொடுத்தது நீங்கள், சாவி அவரிடம். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை, எங்கள் தொழிலில் பாதிப் பேர் இப்படித்தான் பழகிவிட்டோம், பிறகு போன் மாற்றினால் எங்களுக்கே பாஸ்வேர்ட் தெரியாது. அவர் வந்தவுடன் உங்கள் ஈமெயிலில் முழு அதிகாரம் உள்ள ஒரு கணக்குத் திறந்து தரச் சொல்லுங்கள், அவர் கணக்கு அதற்குக் கீழே இருக்கட்டும். அந்த இடத்திலேயே அமைப்புகளின் பக்அப் ஒன்றையும் எடுத்து உங்கள் பென்டிரைவில் போடச் சொல்லுங்கள். சாவி கிடைக்காமலே போனால் மூன்று பெட்டியையும் பின் ஊசியால் பத்து செக்கன் அமத்திப் புதுசாக்கி, முதலில் இருந்து சேர்க்க வேண்டிவரும். ஒரு பகல் வேலை. தேவையில்லாத வேலை.

லப்டொப்புக்குப் பதில், கொன்ட்ரோலருக்கென்றே கையளவு பெட்டி ஒன்று வருகிறது, கிளவுட் கீ என்பார்கள். வைஃபை பெட்டி மாதிரியே ஸ்விட்ச்சில் இருந்து வருகிற ஒரே வயரில் கரண்டும் எடுக்கும், இணையமும் எடுக்கும். மூடி இல்லை, ஐயாவால் மூட முடியாது. வீட்டில் சும்மா கிடக்கிற பழைய டெஸ்க்டொப் இருந்தால் அதுவும் போதும், ஆனால் கரண்ட் பில்லைப் பாருங்கள். எது என்றாலும் ஸ்விட்ச்சையும் ரவுட்டரையும் சேர்த்து ஒரு சின்ன யூபிஎஸ்ஸில் போடுங்கள். திடீரென்று கரண்ட் போய் வந்தால் கொன்ட்ரோலரின் தரவுத்தளம் உடைகிறதை நான் இரண்டு இடத்தில் பார்த்திருக்கிறேன்.

மாற்றும்போது ஒரு சுருக்கு வழி. பக்அப்பைப் புதுப் பெட்டியில் ஏற்றுங்கள். லப்டொப்பில் கொன்ட்ரோலரை நிறுத்துங்கள். ரவுட்டரில் 34 என்ற எண்ணைப் புதுப் பெட்டியின் பெயரில் நிரந்தரமாக ஒதுக்குங்கள். கவுண்டருக்கு ஆள் மாறிவிட்டார், விலாசம் மாறவில்லை. படகோட்டிகளுக்கு ஒன்றுமே தெரியாது. அந்த ஒதுக்கீட்டை மறந்துவிடாதீர்கள். லப்டொப்பில் வயருக்கு ஒரு அடையாள எண், வைஃபைக்கு வேறு அடையாள எண்; ரவுட்டர் அதைப் பார்த்துத்தான் விலாசம் கொடுக்கும். நீல வயரைக் கழற்றியவுடன் 34 போய் 52 ஆனது அதனால்தான்.

கமராப் பெட்டிக்கு ஐந்து துளை ஸ்விட்ச் ஒன்று வாங்கிக் கொடுங்கள். பாவம், அதுவும் வாழட்டும்.


உப்புவெளிக்காரி
அடுத்த வியாழன், இரவு 9.30

நடந்ததை எழுதுகிறேன், பிறகு தேடி வருகிறவர்களுக்கு உதவும்.

பூட்டியவர் திங்கள் வந்தார். நான் சத்தம் போடவில்லை, பில் புத்தகத்தின் பின்பக்கத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஓம் அக்கா, சொல்லியிருக்க வேண்டும் என்றார். கணக்கு என் ஈமெயிலுக்கு மாறிவிட்டது. பக்அப் பென்டிரைவில், பென்டிரைவ் நகைப் பெட்டிக்குள். கையளவுப் பெட்டி களஞ்சிய அறையில், அரிசி மூட்டைக்கு மேல் தட்டில், யூபிஎஸ்ஸோடு இருக்கிறது. எண் 34. செவ்வாய்க்கிழமை பின்னேரம் முக்கால் மணித்தியாலம் கரண்ட் போனது, யாருக்கும் தெரியவில்லை. விருந்தினர் போனில் இருந்து ரவுட்டர் பக்கத்தைத் தட்டிப் பார்த்தேன், திறக்கவில்லை.

வவுச்சர் விடயத்தில் ஒரு திருத்தம் செய்தேன். முதலில் ஆளுக்கு ஒன்று, ஒரு சாதனத்துக்கு மட்டும் என்று கொடுத்துவந்தோம். ஒரே ஆள் இரண்டாம் நாளும் வந்து, என் எண் வேலை செய்யவில்லை என்பார். கிண்ணியாத் தம்பியிடம் தனியாகக் கேட்டதில்தான் விளங்கியது. ஐபோனில் 2020இல் வந்த ஐஓஎஸ் 14க்குப் பிறகும், அன்ட்ரொய்டில் 10க்குப் பிறகும் போன் தன் உண்மையான அடையாள எண்ணை வைஃபைக்குக் காட்டுவதில்லை, ஒரு பொய் எண்ணைக் காட்டும். வைஃபைப் பெயரை அழித்துவிட்டுத் திரும்பச் சேர்ந்தால் சிலவேளை வேறு பொய் எண்ணோடு வரும், எங்கள் கவுண்டருக்கு அது புது ஆள். அதனால் இப்போது அறைக்கு ஒரு வவுச்சர், அறையில் எத்தனை பேரோ அதைப்போல இரண்டு மடங்கு சாதனம், மேலே இரண்டு கூட. நாள் கணக்கு அவர்கள் தங்குகிற இரவுகள். ஒரு போனுக்கு இவ்வளவு வேகம் என்று வரம்பும் போட்டாயிற்று, இல்லாவிட்டால் இரண்டாம் அறைக்காரர் படம் பார்க்கும்போது மற்ற எல்லாரும் சும்மா இருக்க வேண்டும்.

துண்டில் அச்சடித்துக் கொடுத்தால் கடலுக்கே கொண்டுபோய்ச் சட்டைப் பையில் கூழாக்கிக்கொண்டு வருகிறார்கள். ஆகவே மத்திய வீதியில் சிலேட் ஏழு வாங்கி, கதவுக்குப் பின்னால் கொழுவியிருக்கிறேன். காலையில் அறை கூட்டும்போது சோக்கால் எண்ணை எழுதிவிடுவோம். ஐந்து இலக்கம், ஒரு கோடு, ஐந்து இலக்கம். மூன்றாம் அறைக் குழந்தை நேற்று அதில் ஒரு மீன் கீறி வைத்திருந்தது. எண்ணில் இரண்டு இலக்கம் மீனுக்குள் போய்விட்டது, திரும்ப எழுதிக் கொடுத்தேன்.


கிண்ணியா_நெட்
அடுத்த வியாழன், இரவு 9.52

கொட்டிலில் இருக்கிற பெட்டியின் வயர் முனையை மட்டும் ஒருக்கால் கழற்றிப் பாருங்கள் அக்கா. கடற்கரையில் ஆறு மாதத்தில் பச்சை பிடித்துவிடும்.


உப்புவெளிக்காரி
வெள்ளி, காலை 7.10

பார்த்தேன். ஒரு முனையில் இலேசாகப் பச்சை தொடங்கியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன்தான் புது முனை அடிக்கப் போகிறான், கழற்றிக் கொடுத்த கணக்குக்கு.